தடித்த பைகளின் மேசை

அந்த இரண்டாவது மேசையைப் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் நல்லவள் வேடம் கட்டி நழுவிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை.

2019 உயிர்த்த ஞாயிறன்று ஒரு இஸ்லாமியத் தீவிரவாதக் குழு தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகளை வெடிக்க வைத்த பிறகு பள்ளிக்கூடங்களைச் சில கிழமைகள் பூட்டி வைத்தார்கள். திறந்தபோது, ஒவ்வொரு பிள்ளையின் புத்தகப்பையையும் வாசலில் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஆசிரியர்கள் போதாது, பெற்றோர் முறை வைத்து வந்து நிற்கவேண்டும். திருகோணமலை நகரத்தில் என் மகள் படித்த பள்ளியிலும் அப்படித்தான். அவள் அப்போது நான்காம் தரம். வாசலில் ஒரு ஆமிக்காரர் துவக்கோடு நிற்பார், பையைத் திறந்து பார்ப்பது நாங்கள்.

எனக்குத் திங்களும் வியாழனும் முறை. உப்புவெளியிலிருந்து மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஆறே முக்காலுக்கெல்லாம் வந்துவிடுவேன். அலுவலகம் எட்டரைக்குத்தான். துறைமுகத்துக்குப் போகிற வீதியில், கப்பலில் வருகிற சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கிற இடம் அது. அங்கே நான் சேர்ந்து பதினான்கு வருடம். முதலாளிக்கு அடுத்தபடியாக அங்கே சத்தம் போடக்கூடிய ஆள் நான் என்று சொல்வார்கள். முதலாளிக்கு முந்தி என்பதுதான் உண்மை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வந்து குவியும் கோப்புகளில் தடித்தவை ஒரு மேசைக்குப் போகும், மெல்லியவை இன்னொரு மேசைக்கு. மெல்லிய கோப்பில் பார்க்க ஒன்றுமிராது, மளமளவென்று முடிந்துவிடும். தடித்ததைத்தான் தாள் தாளாகப் புரட்டவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்தால் ஒரு தடித்த கோப்புக்குப் பின்னால் இருபது மெல்லியவை காய்ந்துகொண்டு கிடக்கும். இந்த முறையைக் கொண்டுவந்தவள் நான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி இதைச் சொல்லிப் பெருமைப்படுவார். எனக்கும் உள்ளுக்குள் குளிரும்.

பள்ளி வாசலில் முதல் கிழமை ஒரே மேசை, ஒரே வரிசை. வரிசை வீதிவரை நீண்டது. மணி அடித்து முடிந்த பிறகும் சின்னப் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். எனக்குக் கையரித்தது. வரிசை கோணலாகப் போனால் எனக்குச் சோறு இறங்காது. நின்று பார்த்தேன். முஸ்லிம் பிள்ளைகளின் பைகள்தான் தடிப்பாக இருந்தன. அவர்கள் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே குர்ஆன் ஓதப் போகிறவர்கள். ஓதுகிற புத்தகங்கள், மாற்று உடுப்பு, மதியச் சாப்பாடு எல்லாம் அந்த ஒரு பைக்குள்தான். ஒரு பையைப் பார்த்து முடிக்க நாலு பையின் நேரம் எடுத்தது.

பெற்றோர் சங்கச் செயலாளரிடம் போய், "இன்னொரு மேசை போடுவம். தடிச்ச பையெல்லாம் அங்க போகட்டும், மெல்லிசுகளை நான் இங்க டக்கெண்டு விட்டுடுவன்" என்றேன். செயலாளர் வீடுகளுக்கு மின்சார வயரிங் செய்கிறவர். மெதுவாகக் கதைக்கிற மனிதர், கத்தோலிக்கர். அவருடைய மச்சாளின் குடும்பம் மட்டக்களப்பில் அந்த ஞாயிறு ஆராதனையில் இருந்தது. மச்சாளின் மகன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவர் சவரம் செய்துகொள்ளவில்லை.

"நல்ல யோசனை. தடிச்ச மேசையில நான் நிக்கிறன்" என்றார்.

அன்று மணி அடிக்கும்போது வாசல் காலி. அதிபர் மேல்மாடியிலிருந்து பார்த்துத் தலையாட்டினார். நான் அலுவலகத்துக்குப் பாட்டுப் பாடாத குறையாகப் போனேன்.

இரண்டே கிழமை. அதற்குள் என்ன நடந்ததென்று நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கவனித்தேன், ஆனால் கணக்கெடுக்கவில்லை. தடித்த பையோடு வந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று என் மேசைக்கே வந்தது, நானும் திறந்து மூடி விட்டுவிட்டேன். பிள்ளைகள் வாசலுக்கு வரும்போதே தாங்களாகப் பிரிந்து நிற்கப் பழகியிருந்தார்கள். பர்தா போட்ட பிள்ளைகள் அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். என் மேசையில் பையின் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதோடு சரி. அந்த மேசையில் பை கவிழ்க்கப்பட்டது. பென்சில் பெட்டியிலிருந்து அழிறப்பர் வரை எல்லாம் வெளியே வந்தன. சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார்கள்.

வகுப்பில் என் மகளுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்தாள். இரண்டாம் தரத்திலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒரே வாங்கு. அவளுடைய வாப்பா மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். அவளுக்கு முன்பல் இரண்டும் கொஞ்சம் பெரிது, சிரித்தால் முதலில் அவைதான் வெளியே வரும். என்னை அன்ரி என்பாள். என் மகள் வீட்டில் அவளைப் பற்றிக் கதைக்காத நாளே கிடையாது. அவள் சொன்னதென்றால் அது வேதவாக்கு.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பிள்ளை என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அன்று அவளுக்கு ஓதல் இல்லை போலும், பை தட்டையாக இருந்தது. மகளின் பையைத் திறந்து மூடினேன். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே, "நீ அந்த மேசைக்குப் போ மகள்" என்றேன்.

அது என் வாயிலிருந்து வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. பல் துலக்குவதுபோல, யோசிக்காமலே வந்தது.

என் மகள்தான் கேட்டாள். "ஏன் அம்மா? அவளிட பை இண்டைக்குச் சின்னன்தானே?"

பின்னால் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. "போ, போ, மணி அடிக்கப்போகுது" என்றிருப்பேன். அந்தப் பிள்ளை என் மகளின் கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அங்கே போகவேண்டியவள் அவள்தான் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நான் அடுத்த பையைத் திறந்தேன்.

அரை நிமிடம் போயிருக்காது. "இங்க வாங்க. எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க" என்று செயலாளரின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மேசையில் அந்தப் பிள்ளையின் பை கவிழ்ந்து கிடந்தது. கொப்பிகளுக்கு நடுவில் ஒரு பற்றரி, ஒரு சின்ன மின்குமிழ், சிவப்பும் கறுப்புமாக இரண்டு துண்டு வயர். செயலாளர் மேசையிலிருந்து இரண்டடி பின்வாங்கி நின்றார். ஆமிக்காரரைக் கை காட்டிக் கூப்பிட்டார். இன்னொரு கையால் கைபேசியை எடுத்துப் பிள்ளையின் வாப்பாவுக்கு அழைத்தார். பிள்ளையைச் சுவரோரமாகத் தனியே நிறுத்தினார்கள். அவளுக்கு ஒன்பது வயது. கைகள் இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர் கொண்டு வரச் சொன்னவ" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்கள் கேட்டமாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

அது உண்மை என்று எனக்குத் தெரியும். நான்காம் தரச் சுற்றாடல் பாடத்தில் அன்றைக்கு மின்குமிழ் எரிய வைக்கிறார்கள். பற்றரி, குமிழ், வயர் கொண்டுவரச் சொல்லி ரீச்சர் கொப்பியில் எழுதி அனுப்பியிருந்தார். முதல்நாள் பின்னேரம் அலுவலகம் விட்டு வரும்போது கடையில் வாங்கிவந்து, வயரின் நுனிகளைப் பல்லால் கடித்துச் சீவி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு என் மகளின் புத்தகப்பைக்குள் வைத்தவள் நான். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அதே பையைத் திறந்து மூடி உள்ளே விட்டவளும் நான். என் கண்ணில் அது படவே இல்லை. என் மேசையில் எதையும் காணவேண்டுமென்று யாரும் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

பிறகு செய்ததற்கு வீரம் என்று பெயர் வைக்கமாட்டேன். கோபம் வந்தது, அவ்வளவுதான். யார்மேல் என்று அப்போது தெரியாது. உள்ளே ஓடி, மண்டப வாசலில் நின்ற என் மகளை இழுத்துக்கொண்டு வந்தேன். அவளுடைய பையைத் தலைகீழாகப் பிடித்து அந்த மேசையில் கொட்டினேன். பற்றரி உருண்டு செயலாளரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

"இதுக்கும் ஆமியக் கூப்பிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நான் மண்டபப் பக்கம் திரும்பி, "நாலாம் தரப் பிள்ளையள், ஆரார் பற்றரி கொண்டு வந்தனீங்க? கையத் தூக்குங்க" என்று கத்தினேன்.

கைகள் எழும்பின. ஒவ்வொன்றாக, பிறகு கூட்டமாக. வகுப்பில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளையும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. சிலது பையிலிருந்து எடுத்து ஆட்டியும் காட்டின. அன்று அதுவரை அந்த மேசைக்குப் போன நாலாம் தரப் பிள்ளை அவள் ஒருத்திதான், மற்ற அத்தனையும் என் மேசையால் போனவை. உண்மையில் யாராவது எதையாவது கொண்டுவந்திருந்தால் என் மேசையால் ராஜநடை போட்டுப் போயிருக்கலாம். அப்படியென்றால் நாங்கள் இத்தனை நாளும் அங்கே நின்று எதைத் தேடினோம்?

ஆமிக்காரர் இளம் பொடியன். வந்து மேசையில் கிடந்த பற்றரியை எடுத்துப் பார்த்தார். வயரின் ஒரு நுனியைப் பற்றரியின் அடியில் வைத்து, மற்ற நுனியைக் குமிழில் சுற்றி, குமிழைப் பற்றரியின் தலையில் தொட்டார். குமிழ் எரிந்தது. "பாடம், பாடம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, அதைப் பிள்ளையின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு வீட்டுக்கே வயர் இழுத்துவிடுகிற செயலாளர் அந்தச் சின்னக் குமிழைப் பார்த்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றார். அவரைப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது. பாவமாகவும் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் வாப்பாவுக்கு அழைப்புப் போய்விட்டதே. அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். கையெல்லாம் எஞ்சின் எண்ணெய். வாசலுக்கு ஐந்தாறு அடி இருக்கும்போதே மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். யாரும் கேட்கவில்லை, ஆமிக்காரர் வாயே திறக்கவில்லை. அவராகவே இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டு நடந்து வந்தார். சுவரோரம் நின்ற மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் நின்ற பிள்ளைகளும் பார்த்தார்கள்.

"ஒண்டுமில்ல நானா, பாடத்துக்குக் கொண்டு வந்த சாமான். ஒண்டுமேயில்ல" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஓம் தங்கச்சி, ஓம்" என்றார். கைகளை இறக்கினார். செயலாளருக்கு ஒரு வணக்கம் சொன்னார். மேசையில் கிடந்த கொப்பிகளைத் தானே அடுக்கிப் பையில் வைத்தார். மகளைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக்கொண்டு போய்விட்டார். சண்டை போட்டிருந்தால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எனக்கு மூச்சு வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. அவளை வேறு பள்ளிக்கு மாற்றப்போகிறார்களாம் என்று என் மகள் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் வைக்கவில்லை. "நீங்கதானே அவளை அங்க போகச் சொன்னனீங்க" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில்லை. நடந்ததைச் சொன்னாள்.

நான் அன்றே அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அதிபரிடம் போனேன். போகும்போது நெருப்பாகத்தான் போனேன். அந்த மேசையை யார் அனுமதித்தது, முஸ்லிம் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துச் சோதிக்கச் சொன்னது யார் என்று கேட்டு ஒரு கை பார்ப்பதாக இருந்தேன். கேட்டும் விட்டேன்.

அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்டும் சொல்லேல்லையே. அது உங்கட யோசனை எண்டுதானே செயலாளர் சொன்னவர். நல்லா வேலை செய்யுது, நேரம் மிச்சம் எண்டும் சொன்னவர். நானும் கூட்டத்தில உங்களுக்கு நன்றி சொல்ல இருந்தனான்" என்றார்.

யாரும் கட்டளை போடவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வரவில்லை. துவேஷம் பிடித்த ஒருவன் வந்து நின்று பிரிக்கவில்லை. தடித்தது, மெல்லியது என்று நான் பிரித்தேன். மிச்சத்தை எல்லாருமாகச் சேர்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் செய்து முடித்தோம்.

அதுவும் யார் செய்தது? பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு வளர்ந்தவள் நான். போர்க்காலத்தில் எத்தனை சோதனைச் சாவடி. சிங்களச் சனம் பஸ்ஸிலேயே இருக்கும், நாங்கள் மட்டும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடக்கவேண்டும். என் அம்மாவின் கைப்பையைக் கவிழ்த்து, அதிலிருந்த உள்ளாடையை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தவனின் முகம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். அந்த வரிசையைப் பற்றிப் பேசவந்தால் நான் ஒரு மணி நேரம் நிறுத்தமாட்டேன். அப்படிப்பட்டவள் வெட்கம் கெட்டுப்போய், அதே வரிசையை, அதைவிடத் திறமாக, என் கையாலேயே போட்டிருக்கிறேன். போட்டுவிட்டுப் பெருமையும் பட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஆறரைக்கே போய் அந்த இரண்டாவது மேசையைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய் மண்டபத்துக்குள் போட்டேன். ஒரு மேசை, ஒரு வரிசை. வருகிற பை எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கவிழ்ப்பது என்று அதிபரிடம் வெள்ளிக்கிழமையே சம்மதம் வாங்கியிருந்தேன். முதலில் என் மகளின் பையைக் கவிழ்த்தேன். அடுத்து செயலாளரின் மகளுடையது. பிறகு வந்த எல்லாருடையதும்.

பத்து நிமிடம்தான் போனது. வாசலில் தாய்மார் கூடிவிட்டார்கள்.

"இது என்ன கூத்து? எங்கட பிள்ளையளும் குண்டு கொண்டு வரும் எண்டு நினைச்சீங்களோ?" என்று ஒரு தாய் கேட்டார்.

"அப்ப அந்தப் பிள்ளையள் கொண்டு வரும் எண்டு நினைச்சது சரியோ?" என்றேன்.

"நாங்க அப்பிடிச் சொன்னமே? நீங்கதானே பிரிச்சு விட்டனீங்க" என்றார்.

"ஓம், நான்தான் பிரிச்சனான். அதாலதான் சொல்லுறன், அது பிழை. எல்லாப் பையையும் கவிழ்ப்பம், இல்லாட்டி ஒரு பையையும் கவிழ்க்க வேண்டாம்."

வாய்க்கு வாய் நடந்தது. முஸ்லிம் பக்கம் நிற்கிறேன் என்றார்கள். எனக்கு அவர்களிடமிருந்து என்ன வருகிறது என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். பத்து வருடமாக எனக்குத் தெரிந்தவள், என் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் அடித்துக் கொடுத்தவள். அப்படி ஒரு கேள்வி அவளுடைய வாயில் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் போன கிழமை என் வாயில் வந்ததையும் நான் கனவில் நினைத்திருக்கவில்லையே.

செயலாளர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "உங்களுக்குச் சொல்லுறது லேசு. எங்கட குடும்பத்தில ஒரு சவப்பெட்டி மூடித்தான் வந்தது" என்றார். "அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயசு அண்ணா" என்று மட்டும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என் மேசைக்கு மறுபக்கத்தில் நின்று பைகளைக் கவிழ்க்கத் தொடங்கினார். எல்லாப் பைகளையும்.

அந்தக் கிழமை முழுவதும் பிள்ளைகள் பிந்தித்தான் வகுப்புக்குப் போனார்கள். அடுத்த கிழமை, பையைத் திறந்து பார்த்தால் போதும், எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று அதிபர் சொல்லிவிட்டார். தங்கள் பிள்ளையின் பை கவிழ்வதை யாருக்கும் ஒரு கிழமைக்கு மேல் தாங்க முடியவில்லை.

ஆனால் எனக்கு வேண்டியது அந்தப் பிள்ளை திரும்பி வருவது. அதுதான் நடக்கவில்லை. என் மகள் வாங்கில் தனியாக இருந்தாள். பக்கத்தில் வேறொரு பிள்ளையை இருத்த ரீச்சர் பார்த்தபோது, அந்த இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டு எடுக்க மறுத்துவிட்டாளாம்.

அந்தப் பிள்ளையின் வாப்பா எஞ்சின் திருத்துகிற இடத்துக்குப் போனேன். தகரக் கொட்டில், தரையெல்லாம் எண்ணெய், தண்ணீர்ப் பீப்பாயில் ஒரு எஞ்சின் நெட்டுக்குத்தாய் நின்றது. அவர் என்னைக் கண்டதும் பதறி எழும்பி, கையைத் துணியில் துடைத்து, ஒரு கதிரையைத் தட்டிப் போட்டார்.

"என்னத்துக்குத் தங்கச்சி இந்த வெயிலுக்க வந்தீங்க? சொல்லியனுப்பியிருந்தா நான் வந்திருப்பனே" என்றார்.

"நானா, அந்த மேசையப் போட்டது நான்தான்" என்றேன். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"தெரியும்" என்றார்.

தெரியுமாம். அன்று வாசலில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டபோதும் அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"புள்ள முதல் நாளே வந்து சொன்னா. அன்ரி எங்களுக்கு வேற மேசை போட்டிருக்கிறா எண்டு. நீங்க போடாட்டி இன்னொருத்தர் போட்டிருப்பாங்க. விடுங்க" என்றார்.

"விடேலாது நானா. இப்ப ஒரு மேசைதான். பிள்ளையை அனுப்புங்க. நான் வாசலில நிப்பன்."

அவர் சிரித்தார். கோபமாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க திங்களும் வியாழனும்தானே நிப்பீங்க" என்றார்.

அன்றே அலுவலகத்தில் முதலாளியோடு சண்டை பிடித்து, வரிசை நீளுகிற நாட்களுக்கென்று அரை மணி நேரம் பிந்தி வர அனுமதி வாங்கினேன். ஐந்து நாளும் நின்றேன். இரண்டாவது கிழமை புதன்கிழமை அந்தப் பிள்ளை வந்தாள். வாப்பா மோட்டார் சைக்கிளை வாசலுக்கு எதிரே நிறுத்தி, மகள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையைத் திறந்து காட்டினாள். நான் எல்லாப் பையையும் பார்க்கிறமாதிரி எட்டிப் பார்த்து மூடினேன். என் மகள் அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். அன்று முழுவதும் எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மனுஷனுக்கு மட்டும் மூன்று தரம் சொன்னேன்.

கொஞ்ச நாளில் சோதனையே நின்றுபோனது. ஆமிக்காரரும் போய்விட்டார். செயலாளர் தாடியை மழித்தார். இரண்டு பிள்ளைகளும் முன்போலவே ஒரே வாங்கில் இருந்தார்கள், ஒரே கொப்பியில் கிறுக்கினார்கள். நான் அதை மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆண்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்குப் படம் கீற வேண்டுமென்று என் மகள் அந்தப் பிள்ளையை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் உப்புவெளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. நான் குசினியில் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்று திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன்.

பிள்ளை வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்தாள். பையின் சிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வாசல் சீமெந்தில் வைத்துக்கொண்டிருந்தாள். நிறப் பென்சில் பெட்டி. கத்தரிக்கோல், அதை நுனி தன் பக்கம் இருக்கிறமாதிரித் திருப்பி வைத்தாள். பசைக் குழாய். பழைய நாட்காட்டித் தாள்கள். எங்களுக்கென்று உம்மா கொடுத்துவிட்ட ஒரு பெட்டி, அதன் மூடியையும் திறந்து வைத்தாள். கடைசியில் பையைக் கவிழ்த்து, வெறும் பை என்று தெரிய இரண்டு தரம் உதறினாள்.

"என்ன மகள் செய்யிற?" என்றேன்.

அவள் நிமிர்ந்து அந்த இரண்டு பெரிய பல்லும் தெரியச் சிரித்தாள். "நீங்க பாக்கத்தான் அன்ரி" என்றாள்.

அவளுக்கு முன்னால் நிலத்திலேயே இருந்துவிட்டேன். கிளாஸிலிருந்த தண்ணி சாறியில் கொட்டியது. சாமான்களை எடுத்துப் பையில் திணிக்கத் தொடங்கினேன், அவசரத்தில் பென்சில் பெட்டி திறந்து எல்லாம் சிதறின. பாழாய்ப்போன அந்த வாசல் இந்தப் பிள்ளையை என்ன பாடு படுத்தியிருக்கிறது. யார் வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் முழங்காலில் இருக்கிறாளா, கடையிலும் கலியாண வீட்டிலும் இப்படித்தான் நிற்கிறாளா என்று நினைக்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்க போனாலும் நீ இப்பிடித்தான் செய்வியா மகள்?" என்று கேட்டேன்.

அவள் சிதறிய பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"இல்ல அன்ரி. உங்கட வீட்டில மட்டும்தான்" என்றாள்.